விளக்கு வைத்துவிட்டு வரட்டுமா

என் மனைவி உமாராணிக்குக் கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கும். எட்டாம் வகுப்புதான் படித்தவள். ஆனாலும் அவள் கடிதத்தை எங்கள் ரூமில் யாரிடம் காட்டினாலும் டீச்சரா என்று கேட்பார்கள். ஊரில் நீதிபதிகூட அவள் எழுதிய காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மாயாண்டி. துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற வேலை. 2003 ஆடி மாதம் எங்கள் மகள் அகிலாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு வயது. அப்பா வரணும், அப்பா வரணும் என்று பிள்ளை புலம்புவதாக உமாராணி போனில் அழுதாள். எங்கள் சூப்பர்வைசர் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர், நல்ல மனிதர். அன்றைக்கே எனக்கு லீவு வாங்கிவிட்டார். "யல்லா, கெளம்புங்க. மொதல்ல புள்ளையப் போயிப் பாருங்க" என்று பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். நான் போகவில்லை. காய்ச்சல்தானே, இறங்கிவிடும், இப்போது போனால் தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்று நினைத்தேன். யாரும் நினைக்கக்கூடியதுதான். நாலாம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

உமாராணியிடம் லீவு தரவில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாள். "நீங்க என்ன மாமா செய்வீக? படுபாவிக விடல" என்று என்னைத் தேற்றினாள். வெள்ளிக்கிழமைதோறும் தேற்றினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து மிச்சக் காலத்தை ஓட்ட என்னால் முடியாது என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் உடைந்துபோவாள். அந்த வேதனையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் விவாகரத்து என்று முடிவு செய்தேன்.

ஊரில் ஒரு வக்கீலைப் போனில் பிடித்தேன். குறை சொல்ல எதுவுமில்லாத மனைவியை அப்படி விலக்கிவிட முடியாது என்றார். அவளாகக் கணவன் வீட்டை விட்டுப் போய், இரண்டு வருடம் திரும்பாமல் இருந்தால் கேட்கலாம். நடுவில் வந்து தங்கினால் மறுபடி முதலிலிருந்து இரண்டு வருடம். அப்போது உமாராணி மானாமதுரையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று போனவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவளை இங்கே கூட்டிக்கொள்ள ஃபேமிலி விசாவுக்குப் போட்டிருக்கிறேன் என்றேன். என் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா கிடைக்காது என்பது நாங்கள் தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்பில் எல்லோருக்கும் தெரியும். மானாமதுரையில் தெரியாது. விசா கைக்கு வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ரகசியத்தை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெற்ற தாயிடம்கூட அவள் சொல்லவில்லை.

பிறகு, விசாவுக்கு வேண்டும் என்று ஒரு கடிதம் கேட்டேன். நான் போனில் சொல்லச் சொல்ல எழுதினாள். என் சொந்த விருப்பத்தில் கணவர் வீட்டை விட்டு வந்துவிட்டேன், இனி அங்கே திரும்ப மாட்டேன்.

"திரும்ப மாட்டேன்னு எழுதணுமா மாமா?"

"இங்க வந்துட்டா அங்க எதுக்குத் திரும்பணும்?"

சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. அகிலாவை எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் புதைத்திருந்தார்கள். முதல் வருடத் திதி வந்தபோது, "ஒரே ஒரு தடவ போயி புள்ளைக்கு வெளக்கு வச்சுட்டு வந்துரட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

போனால் நாலு நாள் தங்காமல் வரமாட்டாள். "விசா ஆபீஸ் ஆளு எப்ப வேணாலும் வருவான். அட்ரஸ்ல நீ இல்லன்னா எல்லாம் கலாஸ்" என்றேன்.

"அப்ப வேணாம் மாமா. புள்ள கோவிச்சுக்காது."

அடுத்த வருடமும் கேட்டாள். அதற்கும் அதுதான் பதில்.

இரண்டு வருடம் முடிந்து வக்கீல் விவாகரத்து மனு போட்டதும் அவளிடம், கோர்ட்டிலிருந்து ஆள் வருவான், கையெழுத்துப் போட்டு வாங்கி வை, எங்கேயும் போக வேண்டாம், விசாவுக்குக் கோர்ட்டு முத்திரை தேவை என்று சொல்லிவைத்தேன். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. யாரிடமும் காட்டாமல் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

2007 மாசியில் சாட்சி சொல்ல நான்கு நாள் லீவில் ஊருக்குப் போய், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். மானாமதுரை பஸ் ஜன்னலுக்குக் கீழேதான் போகும். வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கத்தை விட வேண்டாம் என்று எதிர்க்கடை டெலிபோன் பூத்திலிருந்து அவள் பக்கத்து வீட்டுக்குப் பேசினேன்.

"என்ன மாமா, இன்னிக்கு பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே கேக்குது!"

"புது லைன்" என்றேன்.

அதற்கு முந்தின நாள்தான் நீதிபதி கேட்டிருந்தார், உங்கள் மனைவி ஏன் போனார் என்று. "தெரியலங்கய்யா. எவ்வளவோ கூப்புட்டுப் பாத்துட்டேன்" என்றேன். கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. எதிர்த்தரப்பில் யாரும் வராததால் அடுத்த மாதமே தீர்ப்பாகிவிட்டது.

போன வாரம் போனில் வந்தாள். "கோர்ட்டுக் கவரு வந்துருச்சு மாமா. பெரிய முத்திரையெல்லாம் இருக்கு. பெட்டிக்குள்ள வச்சுட்டேன், யாருகிட்டயும் சொல்லல" என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். "இனிமேயாவது போயி புள்ளைக்கு வெளக்கு வச்சுட்டு வரட்டுமா? அங்க வந்துட்டா அப்புறம் எப்ப பாக்கப் போறேன்?"

இனி அவள் போனால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. "போயிட்டு வா, ரெண்டு நாள் இருந்துட்டே வா" என்றேன். அவள் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள். ஒரு தகப்பனாக, இதையாவது அவளுக்கு மறுக்காமல் இருந்தேனே என்று எனக்கு நிம்மதியாக இருக்கிறது.