அரண்மனை மருத்துவச்சி ஹர்கூ சொன்னது

இல்லீங்க முன்ஷிஜி, வெள்ளைக்காரத் துரைமாரு அப்படித்தான் சொல்லிக்குவாங்க. எங்க ராணி கேசர் கன்வருக்கு யாரும் புத்தி சொல்லிக் குடுக்கலை. அவங்க சரித்திரம் எழுதத்தானே வந்திருக்கீங்க? அப்ப இந்த மருத்துவச்சி ஹர்கூ சொல்றதையும் எழுதுங்க. மொதல்ல மோரைக் குடிங்க. என் கையால குடிக்க மாட்டீங்களோ? சரி, வைங்க.

ராஜா செத்துப் போனப்போ இளவரசருக்கு நாலு வயசு. ராணியம்மா திரைக்குப் பின்னால உக்காந்து தர்பார் நடத்துனாங்க. மொத உத்தரவே எங்களுக்குத்தான். மருத்துவச்சிங்க அத்தனை பேரும் கோட்டைக்கு வரணும். தலை போகப்போகுதுன்னு அழுதுக்கிட்டே போனோம்.

ஏனா? தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்க ஊர்ல நெலம் நீச்சுள்ள டாக்கூர் வீடுங்க இல்லையா? பையன் பொறந்தா வெண்கலத் தட்டைத் தட்டுவாங்க. பொண்ணுன்னா மாமியாக்காரி வந்து என்னைப் பாப்பா. வாயத் தொறக்க மாட்டா. அபின் என் இடுப்புலயே இருக்கும்.

ராணியம்மா எங்களை ஒண்ணும் பண்ணலை. எந்த வீட்ல எது பொறந்தாலும் அன்னிக்கே கோட்டையில வந்து சொல்லணும்னாங்க. பொண்ணு ஒரு வருஷம் தங்குனா மருத்துவச்சிக்கு ஒரு மூட்டை கம்பு. கல்யாணச் செலவுக்கும் ஒரு வரம்பு கட்டிட்டாங்க. பொண்ணால வீடு அழியுதுன்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு.

டாக்கூர்மாரு சும்மா இருப்பாங்களா? ராணியம்மாவோட கொழுந்தன் ரத்தன் சிங் வீட்ல பொண்ணு பொறந்துச்சு. வேற ஒருத்தியை வச்சு முடிச்சிட்டு, செத்தே பொறந்துச்சுன்னாரு. நான் பிரசவம் பாத்தவ, உசிரோட எடுத்துக் குடுத்தேன்னு தர்பார்ல சொன்னேன். மறுநாளே அவர் ஆளுங்க என் கையைக் கதவிடுக்குல வச்சு நசுக்கிட்டாங்க. பாருங்க, இந்த ரெண்டு வெரலும் மடங்காது.

ராணியம்மா கொழுந்தனைச் சிறையில போட்டாங்க. மாமியா, பெரிய ராணி, மூணு நாள் பட்டினி கெடந்தாங்க. நான் பெத்த புள்ளம்மா, விட்ருன்னு கெஞ்சுனாங்க. அதுவும் ஒருத்தி பெத்ததுதானே அத்தைன்னாங்க ராணியம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன். பெரிய ராணி என்னைத்தான் பாத்தாங்க.

போன மாசம் ராணியம்மா போயிட்டாங்க. பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகக் கூடாதில்ல, டாக்கூர் வீட்டுப் பொண்ணுங்க முக்காடு போட்டுக்கிட்டு கோட்டை வாசல்ல வந்து நின்னுச்சுங்க. அம்புட்டுக் கூட்டம். முன்னெல்லாம் அந்த வீடுங்கள்ல மருமகளுங்கதான் உண்டு, மகளுங்க கெடையாது.

பொண்ணுங்களைக் காப்பாத்தணும்னு ராணியம்மாவுக்கு ஏன் தோணுச்சுன்னு மறுபடியும் கேக்குறீங்க. சொல்றேன். இளவரசருக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. பொண்ணு. ராணியம்மாவுக்கு அப்போ பதினாறு வயசு, மயங்கிக் கெடந்தாங்க. பெரிய ராணி வாசப்படியில நின்னு என்னைப் பாத்தாங்க. பாத்தாங்க, அவ்ளோதான்.

ஆமா. நாந்தான்.

ராணியம்மாவுக்குத் தெரியாமயா? மொத நாள் தர்பார்லயே அவங்களுக்குத் தெரியும். பதினேழு வருஷம் ஒரு வார்த்தை கேக்கலை. சாகுறதுக்கு மொத நாள் ஆளனுப்பிக் கூப்பிட்டாங்க. எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு, ஹர்கூ, அது அழுதுச்சாடின்னாங்க. இல்ல ராணியம்மா, கண்ணே தொறக்கலை, தூக்கத்துலயே போயிடுச்சுன்னேன். சரின்னு சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

பொய்தாங்க. பசிச்சு அழுதுச்சு. ரொம்ப நேரம் அழுதுச்சு. இதை எழுதிக்கிறீங்களா முன்ஷிஜி, வேணாமா?