அமலராணி வீட்டுத் தக்காளிச் செடியில் தூவிய வெள்ளைத் தூள்

என் பெயர் ரமா, வயது 63, கணவர் பெயர் ஸ்ரீநிவாசராகவன், கிழக்கு தாம்பரம், சேலையூரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பக்கத்து வீட்டு அமலராணி என் மீது கொடுத்த புகார் குறித்து இன்று காவல் நிலையத்தில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

அமலராணியும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே மின்சார ரயிலில் போய் வந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர் கணவர் தனசிங் மண் கொட்டி மனையை உயர்த்தியதில், மழைத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டது. அதன் பேரில் ஆண்கள் இருவரும் தெருவில் நின்று கத்திக்கொண்டார்கள். அதன் பிறகு அமலராணியும் நானும்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அவர் பேச்சு இல்லாமல் எனக்குப் பொழுதே போகவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

இந்த வருடம் அமலராணி எங்கள் சுவரை ஒட்டித் தொட்டிகளில் தக்காளி வைத்தார். காய்கள் அடியில் கறுத்து அழுகின. நாங்கள்தான் ஏதோ ஊற்றுகிறோம் என்று அவர் சொல்லிவருவதாக எதிர்வீட்டு ஜெயஸ்ரீ மூலம் தெரிந்து, எனக்குக் கோபம் வந்தது. அதன் பிறகு சுவர் ஓரம் நின்று தினமும் கவனித்தேன். அணில் கடித்த தடம் இல்லை, புழு துளைத்த ஓட்டையும் இல்லை. வார இறுதியில் அவர் கணவரோடு கேளம்பாக்கத்தில் இருக்கும் மகள் எப்சி வீட்டுக்குப் போய்விடுவார், செடி வாடித் தொங்கும். வந்ததும் ஹோஸைப் பிடித்துக் குளமாக்குவார். எதிலும் அவருக்கு அவசரம்தான். இப்படிக் காயவிட்டு ஊற்றினால் மண்ணின் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் அடி கறுக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே அவர் இல்லாத சனிக்கிழமைகளில் கேட்டைத் திறந்து போய்த் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் வீட்டுக் கேமராவில் நான் தூவுவதாகத் தெரியும் வெள்ளைத் தூள் விஷம் அல்ல, முட்டை ஓடு. எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஆம்லெட் போடும் தனக்கோடியிடம் ஓடு கேட்டு வாங்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, செங்கல்லால் பொடித்தேன். என் கணவருக்கு இது தெரியாது. தெரிந்தால் தெரியட்டும்.

மேற்படி விவரத்தை அமலராணி முன்னிலையிலேயே கூறினேன். அதன் பிறகு உதவி ஆய்வாளர், புகாரை முடித்துவிடலாம், இனி அந்த வீட்டுக் கேட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றார். நான் முடியாது என்றேன். அப்போது அமலராணி, "அந்த வரி வேணாம் சார். சனிக்கிழமை நான் ஊர்ல இருக்க மாட்டேன், செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றார். உதவி ஆய்வாளரைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அமலராணி என்னை ரமா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், உதவி ஆய்வாளர் கேட்ட எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நான் சொன்னது இவ்வளவே. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எதுவும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ரமா