கேட்காமல் எடுத்த நாற்பது நொடி

கேட்காமல் கொடுத்துவிட்டதைத் திரும்ப வாங்குவது எப்படி? எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் தெம்பில்லை. இந்தப் பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

‘கைப்பேசியும் கெட்டுப்போகும் பிள்ளைகளும்’ என்று தலைப்புத் தந்தார்கள். கெட்டது பிள்ளையா? கெடுத்தது கைப்பேசியா? எடுத்தது யார், அனுப்பியது யார், எண்ணி எண்ணி ரசித்தது யார்? நான்தான்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. தடுப்பூசி போட வந்த செவிலியர், “பயமா இருக்காம்மா?” என்றார்.

“பயம் தீந்துடுச்சு. அழுகைதான் மிச்சம் இருக்கு” என்றாள், டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொல்பவள்போல.

நாற்பது நொடி. படமெடுத்தேன், நாத்தனாருக்கு அனுப்பினேன். அவர் ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. வகுப்பில் அவள் பெயர் ‘தீந்துடுச்சு’. நாளை இதே மேடையில் பேச்சுப்போட்டி. ஆசையாகப் பேர் கொடுத்தவள், ஏற மாட்டேன் என்கிறாள்.

“அதை அழிச்சுட்டேன்டி” என்றேன்.

“உன் போன்ல அழிச்ச. எல்லார்கிட்டயும் போய்த் திரும்ப வாங்கிட்டு வா.”

நாத்தனாரிடம் கேட்டேன். “அதையா? எவ்ளோ அழகு அண்ணி!” என்று குடும்பக் குழுவில் இன்னொரு முறை போட்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இதை இங்கே சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்டேன். “சொல்லிக்கோ. ஆனா யாரும் வீடியோ எடுக்கக் கூடாது” என்றாள். மூன்றாவது வரிசையில் கைப்பேசியை உயர்த்தியிருக்கும் ஐயா, உங்களைத்தான். பள்ளிக்காகவா? பள்ளிக்காகவும் வேண்டாம்.

கேளுங்கள், தாய்மார்களே. குளிக்கையில் எடுத்தாலும் கேளுங்கள், கொஞ்சுகையில் எடுத்தாலும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத வயதென்றால், தெரியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். கேட்காமல் கொடுத்ததைக் கெஞ்சியும் வாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், கைப்பேசியைக் கீழே வைத்தவர்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.

மறுநாள் நடந்ததை, அவளிடம் கேட்டுக்கொண்டு, இந்தப் பேச்சின் அச்சுப் பிரதியில் சேர்க்கிறேன். காலையில் பெற்றோர் குழுவில் என் பேச்சின் ஒரு துண்டு வந்திருந்தது. ‘ஐயா, உங்களைத்தான்’ என்பதோடு அது முடிகிறது. மகள் பார்த்தாள்.

“உன்கிட்ட கேட்டாங்களாம்மா?” என்றாள்.

போட்டியில் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.