வேனில் ஒரு இடம் காலி

– பெட்டி எங்கண்ணே? எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. உங்க பெட்டியை மட்டும் காணோம்.

– கட்டிலுக்கு அடியில இருக்கு.

– இன்னும் கட்டலையா? பத்தரைக்கெல்லாம் ஏர்போர்ட்ல நிக்கணும்...

– இந்த வாஷர் ஒண்ணுதான். மாட்டிட்டா முடிஞ்சுது. நீ போ தம்பி.

– பதினோரு நாளா இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு குழாயை விடல நீங்க. சமையல்கட்டு, குளியலறை, தோட்டம்... ஊழியம்னு சபையில இருந்து கடல் தாண்டி எட்டுப் பேர் வந்தோம். உருப்படியா வேலை பார்த்தது நீங்க ஒருத்தர்தான்.

– ஏன், நீங்கள்லாம் பாடுனீங்களே.

– குத்திக் காட்டாதீங்கண்ணே. மூணு மாசம் பாட்டுப் பயிற்சி. வந்து இறங்கினப்புறம்தானே தெரியுது, இது காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடம்னு.

– அந்த கிட்டார்க்காரப் பொண்ணு முகத்தைப் பாக்கணுமே. பாட்டை நிறுத்தவும் முடியாம, பாடவும் முடியாம...

– அன்னைக்குத்தான் நீங்க சிரிச்சுப் பார்த்தேன். சரி, ஸ்பேனரைக் கீழ வைங்க. வாங்க.

– தம்பி.

– சொல்லுங்க.

– நான் வரல.

– எங்க?

– ஊருக்கு.

– விளையாடாதீங்கண்ணே.

– அறுபத்தொண்ணு முடிஞ்சிருச்சு எனக்கு. விளையாடுற வயசா? வேன்ல ஒரு இடம் காலியாப் போகட்டும். பெட்டி வைக்க ஆகும்.

– இங்க இருந்து என்ன பண்ணுவீங்க? இந்த ஊர் பாஷையில தண்ணி வேணும்னு கேக்கக்கூடத் தெரியாது உங்களுக்கு.

– இங்க யாருக்கு வேணும் பாஷை? நான் பேசலைன்னு யாரும் என்னைத் தப்பா நெனைக்கல. நம்ம ஊர்ல எல்லாருக்கும் பாஷை தெரியும். ஆராதனை முடிஞ்சு வாசலுக்கு வந்தா, நல்லா இருக்கீங்களான்னு நாப்பது பேர் கேப்பாங்க. நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள செருப்பை மாட்டிட்டுப் போயிருப்பாங்க.

– ...நானும் அப்படிக் கேட்டவன்தான்.

– நீயும்தான். குத்தமாச் சொல்லல. உனக்கு வீடு, பொண்டாட்டி, பிள்ளைன்னு ஆயிரம் சோலி இருக்கு.

– ம்.

– இந்தச் சமையல்காரம்மா இருக்காங்கல்ல... அவங்களுக்கும் காது கேக்காது. சாப்பாடு ரெடின்னா வந்து தோளைத் தொடுவாங்க. மூணு வேளையும். முதல் நாள் அவங்க தொட்டதும் கையில இருந்த குழாயைக் கீழ போட்டுட்டேன்.

– பயந்துட்டீங்களா?

– பயமில்ல. யோசிச்சுப் பார்த்தேன், கடைசியா என்னைத் தொட்டது யாருன்னு. முடி வெட்டுறவர்தான் தம்பி. எம் பொண்டாட்டி செத்துப் போனப்புறம் இந்த நாலு வருஷத்துல, மாசம் ஒரு தடவை அவர் மட்டும்தான்.

– அண்ணே...

– நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வேன்காரர் காத்துட்டு இருப்பாரு.

– விசா முப்பது நாளுக்குத்தான். அதுக்கப்புறம் போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போனா? ஜெயில்லயும் குழாய் மாட்டுவீங்களா?

– அங்கயும் ஒழுகத்தானே செய்யும்.

– நான் அழுகிறதா சிரிக்கிறதான்னு தெரியல. இந்தப் பள்ளிக்கூடத்துல யாரையாவது கேட்டீங்களா?

– தலைமை டீச்சரைக் கேட்டேன். நாலு நாள் முன்னாடி. படம் வரைஞ்சு காட்டினேன். இந்தக் கட்டடம்... உள்ள ஒரு ஆளு... கையில ஸ்பேனர். அவங்களும் தலையாட்டினாங்க.

– அதுவா?

– எது?

– அண்ணே, அந்தப் படத்தை அவங்க எங்கிட்ட கொண்டுவந்து காட்டினாங்க. உங்க குழாய்க்காரர் எங்களுக்கு ஞாபகமா ஒரு படம் வரைஞ்சு குடுத்திருக்காருன்னு ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு. ஆபீஸ் ரூம் போர்டுல பின் குத்தி வச்சிருக்காங்க.

– ...போர்டுலயா?

– உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்.

– நான் இங்க இருந்துக்கவான்னு கேட்டிருந்தேன்யா அதுல.

– அவங்களுக்குப் புரியலண்ணே. புரிஞ்சிருந்தாலும் சரின்னு சொல்ல முடியாது. அரசாங்கப் பள்ளிக்கூடம். வாங்க... நான் பெட்டி கட்டித் தர்றேன்.

– அந்தச் சட்டையை மடிக்காத. விடு.

– கசங்கிடும்.

– வந்து எங்க இறங்குறது நான்?

– எப்பவும் இறங்குற இடத்துலதான்.

– அந்த வீடு இல்ல தம்பி. கிளம்புறதுக்கு முந்தின நாள் காலி பண்ணிட்டேன். வீட்டு ஓனர்கிட்ட சாவியைக் குடுத்து, உள்ள இருக்கிறதை யாருக்காவது குடுத்துடுங்கன்னுட்டு வந்துட்டேன். திரும்பி வர்ற நினைப்பே எனக்கு இல்ல.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– மூணாம் நாளே அந்த ஓனர் போன் பண்ணாரு. பெரியவர் இப்படிச் சொல்லிட்டுப் போயிட்டாரு, பீரோவுல அந்தம்மா புடவையெல்லாம் அப்படியே கெடக்கு, எடுத்துக் குடுக்க எனக்குக் கை வரலைன்னு.

– எட்டு நாளா தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல நீ.

– என்னன்னு கேக்கிறது? உங்க பக்கத்துல வந்து நின்னா, நீங்க ஒரு குழாயைத் திறந்து தண்ணி வர்றதைப் பார்த்துட்டு இருப்பீங்க. கேக்க வாய் வரல. திரும்பிடுவேன்.

– ...அந்தப் புடவையெல்லாம் இப்ப எங்க?

– எங்க வீட்ல. சபை வாட்ச்மேன்கிட்ட எங்க வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கு. நான் போன்ல சொன்னதும் பீரோ, கட்டில் எல்லாத்தையும் முன் ரூம்ல இறக்கி வச்சுட்டாரு. அந்த ரூம் உங்களுக்குத்தான்.

– அதெல்லாம் வேண்டாம். பிள்ளை படிக்கிற வீடு. முன்ன பின்ன பழக்கமில்லாத ஒரு கிழவனைக் கொண்டுவந்து உக்கார வச்சா உன் வீட்டுக்காரம்மா என்ன நெனைப்பாங்க? அவங்களைக் கேட்டியா மொதல்ல?

– பெட்டியை இப்படித் தள்ளுங்கண்ணே, நேரமாகுது.

– கேக்கல. அதான் பேச்சை மாத்துற. இப்பவே போன் போட்டுக் கேளு. அவங்க சரின்னாத்தான் நான் இந்தச் சட்டையை உள்ள வைப்பேன்.

– போட்டா எடுக்க மாட்டா அண்ணே. பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சு... அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சபையில சொல்லிட்டுத் திரியுறேன். போன வாரம் பூரா ராவும் பகலும் எப்படி இங்கயே இருந்துடலாம்னு நானும்தான் யோசிச்சேன், ஆனா டீமைக் கூட்டிட்டு வந்தவனா போயிட்டேன். அந்த வீட்டுக்குள்ள தனியா நுழைய எனக்கு முடியலண்ணே... நீங்க வந்தீங்கன்னா நானும் போவேன்.