லெஸ் கிராப்ட்ரீயின் பாய்லரில் குறை இல்லை

வீட்டில் பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி நேரம் பாத்திரம் கழுவுவதிலேயே போய்விடும். எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏதோ ரசவாதம் செய்யப்போகிறோம் என்ற நினைப்பில் வருவார்கள். ஒரு மாதத்தில் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போய் நிற்பார்கள்.

அதைச் சொல்ல நான் வரவில்லை. லெஸ் இறந்தது பற்றிய ஆய்வறிக்கையின் நகல் எங்கள் சங்கச் செயலாளர் ஷீலாவுக்கு வந்தது. அவள் எனக்குக் காட்டினாள். மூன்றாம் பக்கத்தில், 'வீட்டில் செய்த மின்பாய்லரின் அமைப்புக் குறைபாடு' என்று இருக்கிறது. அதற்குக் கீழே, 'எர்த் கம்பியைப் பிடித்திருந்த திருகாணி கொதியின் அதிர்வில் நாளடைவில் கழன்றிருக்கலாம்' என்று இருக்கிறது. இரண்டும் தவறு. அதைத் திருத்தத்தான் பஸ் பிடித்து உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். யாரும் கூப்பிட்டு வரவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் வில்ஃப் ஓல்ட்ராய்ட். பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் மின்பராமரிப்பு. என் கண்காணிப்பில் ஒருவருக்குக்கூட ஷாக் அடித்ததில்லை. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மேலே குன்றுப் பக்கம் இருக்கிற எங்கள் சங்கத்தில் நாற்பது பேர். மாதத்தின் முதல் செவ்வாய் ஒரு பப்பின் மாடியில் கூடுவோம். அவனவன் காய்ச்சியதைக் கொண்டுவந்து ஊற்றிக் கொடுப்பான். பிளாஸ்டிக் தொட்டியில் டீ கெட்டிலின் சூடேற்றும் எலிமெண்டைப் பொருத்திச் செய்த பாய்லர்தான் பெரும்பாலும். சரியாகச் செய்தால் கடையில் வாங்குவதைவிட நல்லது. சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகப் பிப்ரவரிதோறும் நான் ஒரு பேச்சுக் கொடுப்பேன். ஆறு விதிகளை ஒரே தாளில் அடித்து எல்லோருக்கும் தருவேன். பதினோரு வருஷமாகத் தருகிறேன். நான் எழுந்ததும் நாற்காலிகள் நகரும். பாதிப் பேர் கீழே இன்னொரு கோப்பைக்குப் போய்விடுவார்கள். போன வருஷம் மிஞ்சியவர்கள் ஏழு பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, படியிறங்க முடியாது. என் தாளை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். மேஜை ஆடாமல் நின்றது.

லெஸ் ரொட்டி வேன் ஓட்டியவர். நான்கு வருஷம் தொடர்ந்து சங்கக் கோப்பை வாங்கியவர். அவருடைய பிட்டர் பீர் உண்மையிலேயே நன்றாக இருக்கும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பிப்ரவரியில் என் பேச்சின் நடுவே அவர் முழங்கை வரை ரப்பர் கையுறையும், நீச்சல் கண்ணாடியும், தலையில் வடிகட்டியுமாக மாடியேறி வந்தார்.

"யாரும் அசையாதீங்க. ஃபியூஸ் அத்தை பேசிட்டிருக்கா. இந்தக் கோப்பையத் தொடலாமா அத்தை? ஷாக் அடிக்குமா?"

"ஒக்காருப்பா லெஸ்" என்றேன்.

"ஒக்காரலாமா? நாற்காலிக்கு எர்த் இருக்கா?"

ஷீலாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கீழே போனவர்கள்கூட ஏறி வந்து பார்த்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் முடிந்ததும் ஷீலா தோளில் கைவைத்து, "கோவிச்சுக்காத வில்ஃப், அடுத்த வருஷம் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்குவோம், என்ன?" என்றாள். கோபம் எதுவும் இல்லை என்றேன். இல்லைதான். தொழிற்சாலையில் இருந்த காலத்திலேயே எனக்கு ஒன்று தெரியும். சுவரில் எத்தனை எச்சரிக்கைப் பலகை மாட்டினாலும் ஒருவனும் படிக்க மாட்டான். பக்கத்து ஊர் ஆலையில் ஒருவனுக்குக் கை போனால், அன்றைக்கே எல்லோரும் படிப்பார்கள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை லெஸ் போன் செய்தார். புதிதாக ஒரு பாய்லர் செய்திருந்தார். பிளாஸ்டிக் இல்லை, பழைய எஃகு பீப்பாயின் தலையை அறுத்துச் செய்தது. கொதி வருகிற சமயம் பார்த்து வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்துவிடுகிறதாம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரிப் சுவிட்ச் விழுந்தால் அந்தச் சுவிட்சுக்குத்தான் ஏதோ கோளாறு என்பார்கள். கசப்புக்கு ஹாப்ஸ் பூ போடவேண்டிய நேரம் தவறிவிட்டதே என்றுதான் பதறுவார்கள். எங்கேயோ மின்சாரம் கசிகிறது, அதனால்தான் அது விழுகிறது என்று யாருக்கும் தோன்றாது. என் தாளில் முதல் விதியே அதுதான்.

கராஜில் பாய்லரைச் சுற்றி மூன்று தடவை நடந்தேன். வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். லெஸ் மனைவி மொரீன் தட்டில் இஞ்சிக் கேக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுக்கு எதாச்சும் வழி பண்ணுங்க வில்ஃப். நேத்துப் பாதி ராத்திரி வரைக்கும் ஃப்ரிட்ஜ் ஓடல. மீனெல்லாம் போச்சு."

"மீனப் பத்தி அப்புறம் பேசலாம். பீரு போச்சேடி" என்றார் லெஸ்.

"உங்கள மொதல்ல அந்தத் தொட்டிக்குள்ள போடணும்."

அவள் போனதும் லெஸ் என் பக்கம் குனிந்து சொன்னார்: "இதப் பாருப்பா, புத்திமதி ஒண்ணும் வேணாம். சுவிட்ச் விழாமப் பண்ணிக் குடு, போதும். மே மாசப் போட்டிக்கு இதுலதான் காய்ச்சணும்."

கோளாறு என்ன என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. எலிமெண்டின் உறையில் மயிரிழை விரிசல். புதிதாக ஒன்று மாற்றினால் தீர்ந்துவிடும். என் பையிலேயே ஒன்று இருந்தது. புத்திமதி வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால் நான் அதைப் பேசவில்லை. கராஜின் மூலையில் பழைய வீட்டுக்காரர் ஃப்ரீசருக்காகப் போட்ட ஒரு சாக்கெட் இருந்தது. அந்த இணைப்பு டிரிப் சுவிட்ச் வழியாக வரவில்லை. பிளக்கைக் கழற்றி அதில் மாட்டினேன். சுவிட்ச் விழவில்லை. அவர் கேட்டது அதுதான், நான் செய்ததும் அதுதான். என் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார்.

அடுத்த ஞாயிறு மதியம் போட்டிக்காகக் காய்ச்சினார். கடைசி ஹாப்ஸ் போடும் நேரம் ஒரு கையால் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுவரிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறார். மொரீன் சாப்பிடக் கூப்பிட வந்தபோது பாய்லர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அவரைத் தொட்டாள். அது என் மூன்றாம் விதி. அவள் எந்தக் கூட்டத்துக்கும் வந்தவள் இல்லை, ஆனாலும் சரியாகச் செய்தாள். இறுதிச் சடங்கில் அவளிடம் அதைப் பாராட்டிச் சொன்னேன்.

மே மாதக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, ஷீலாவே வந்து கேட்டாள். முப்பத்தெட்டுப் பேர். கீழேயிருந்து நாற்காலி கொண்டுவர வேண்டியிருந்தது. ஒன்றே கால் மணி நேரம் பேசினேன், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சிலர் குறிப்பெடுத்தார்கள். மேஜைக்கடியில் இருந்த தாளை ஒருவர் எடுத்து, நீவிவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே ஒன்பது பேர் பாய்லரைப் பார்க்க வரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். அதில் நான்கு பாய்லர்கள் ஆளைக் கொல்லக்கூடிய நிலையில் இருந்தன. இப்போது இல்லை. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். உங்கள் அறிக்கை வந்துதான் கெடுத்தது. வீட்டில் செய்கிற மின்பாய்லரே ஆபத்து, இனி சங்கத்தில் கேஸ் அடுப்பு மட்டும்தான் என்று செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு வைக்கிறார்கள். ஷீலாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"லெஸ்ஸே செத்துட்டாரு வில்ஃப். இன்னும் என்ன பாதுகாப்பு, பாதுகாப்புன்னு?" என்றாள்.

பதினோரு வருஷ வேலை ஒரு தவறான வாக்கியத்தால் குப்பைக்குப் போகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் அடிமூடியைத் திறந்தபோது எர்த் கம்பி உறுதியாக இருந்தது. உறுதி என்றால், நானே செய்திருந்தாலும் அப்படி வராது. பல் வாஷர் போட்டு, இரட்டை மரை போட்டு, பெயிண்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் பிடித்திருந்தார். அதிர்வில் நூறு வருஷம் ஆனாலும் கழலாது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் என் தாளை ஆணியடித்து மாட்டியிருந்தார். விதிகளுக்கு நேராகப் பென்சிலால் டிக் போட்டிருந்தார்.

"என்ன பாக்குற?" என்றார். முகம் சிவந்திருந்தது. "நீ சொன்னபடிதான் செஞ்சிருக்கேன். கிளப்புல சொல்லித் தொலைச்சிடாதப்பா. மானம் போயிரும்."

பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு ஆள். அது அவராக இருந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம் அல்லவா? கூட்டத்தில் கையுறை மாட்டிக்கொண்டு ஆடிய ஆள், வீட்டில் யாரும் பார்க்காதபோது டிக் போடுகிறார். அதனால் சங்கத்துக்கு என்ன பயன்?

டீ கொண்டுவர அவர் உள்ளே போனார். கெட்டில் கொதித்து அவர் திரும்பி வர ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். மரைகளை நான்தான் கழற்றினேன். கம்பியை விலக்கி மடித்து வைத்தேன். இனி கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் பீப்பாயிலேயே நிற்கும். வாஷர், மரைகள், திருகாணி எல்லாம் இந்த உறையில் இருக்கின்றன. மரைகளில் என் ஸ்பானரின் தடம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியை மாட்டிவிட்டு, பிளக்கை மூலைச் சாக்கெட்டுக்கு மாற்றினேன். அவர் டீயோடு வந்தார். குடித்தேன். நன்றாக இருந்தது.

ஆகவே, அமைப்பில் குறைபாடு இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் ஷீலாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால் அறிக்கை முழுமையாகும். சுவரில் இருந்த தாளை நீங்கள் எடுத்துவந்திருப்பீர்கள். எடுத்துப் பாருங்கள். டிக் ஐந்துதான் இருக்கும். ஆறாவது விதி, 'வேறொருவர் கைவைத்த கருவியை, அவர் யாராக இருந்தாலும், நீங்களே ஒருமுறை திறந்து பார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள்.' கிளம்பும்போது அதை அவருக்கு நினைவுபடுத்தினேன், விரலை வைத்தே காட்டினேன்.

"நீயே பாத்துட்ட, அப்புறம் என்னப்பா" என்று சிரித்தார்.

இந்த அலட்சியத்தைப் பற்றித்தான் நான் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.