அக்கா வீட்டு ரசிகர்கள்

கொம்தாரிலிருந்து பாயான் பாரு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பியின் மடியில் கித்தார்.

"ரொம்ப நன்றிக்கா. நீ செஞ்ச உதவியில என் பாட்ட மியூசிக் ஆப்லேருந்தே தூக்கிட்டாங்க."

"ஏன்டா? ஆளுங்க நெறையக் கேட்டா காசு வரும்னு நீதானே சொன்ன? வீட்டுல இருக்கற போன் எல்லாத்துலயும் நாள் பூரா ஓட விட்டேன்லா!"

"ஆளுங்க கேக்கணும்க்கா. ஒரே வீட்டுல அஞ்சு போனு ஓயாம ஒரே பாட்ட ஓட்டுனா கள்ளக் கணக்குன்னு ஆப்காரனுக்குத் தெரியாதா? வர வேண்டிய காசையும் புடிச்சு வச்சுக்கிட்டான்."

"எவ்வளவு?"

"ரெண்டு வெள்ளி, ஒரு டீ காசு. வீடு வாங்கலாம்னு இருந்தேன்."

"சித்தி போனையும் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். என் பாசம் உனக்குக் கள்ளக் கணக்கா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கித்தாரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"சரி, விடு. பாட்டு எப்படிக்கா இருந்துச்சு?"

"எனக்கு எப்படிடா தெரியும்? சத்தத்த அடைச்சிட்டுத்தானே ஓட விட்டேன். வீட்டுல மனுஷங்க சீரியல் பாக்க வேணாமா?"