ஐம்பது மைக்ரோகிராம்

— ட்யூப் மூடியத் துடச்சிட்டீங்களா! எத வெச்சு?

— டிஷ்யூ பேப்பர் சார்.

— மேடம், எங்க கம்பெனி அந்த ட்யூப்ல போடறதே ஐம்பது மைக்ரோகிராம் புரதப் பொடி. கண்ணுக்கே தெரியாது. மூடியில ஒட்டியிருந்த புரதமெல்லாம்...

— தெரியும் சார். பதினோரு வருஷமா லேப்ல இதே பொழப்புதான். ஃப்ரீசர்லேருந்து எடுத்த கையோட தெறந்துட்டேன். மூடிக்குள்ள ஈரம் கோத்துக்கிச்சு. கை தானா துடச்சிடுச்சு.

— தெறக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல வெச்சு ஒரு சுத்து சுத்தி, பொடிய அடியில எறக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோமே!

— திட்டுங்க சார். நல்லா திட்டுங்க. ஃபோன மட்டும் வெச்சிடாதீங்க.

— நான் எங்க வெக்கப் போறேன்... வேற ட்யூப் இருக்கா?

— இதான் கடைசி. நீங்கதான் இந்தச் சரக்கையே நிறுத்திட்டீங்களே. நாளைக்கு இத நான் வளத்து வெச்சிருக்கற உயிர்ச் செல்லுங்களுக்குப் போட்டாகணும். ரிசல்ட் வரலேன்னா மாசக் கடைசியோட என் ஆராய்ச்சிய மூடிடுவாங்க. ஆறு வருஷ உழைப்பு சார்.

— பதறாதீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?

— எல்லாரும்... சாப்பிடப் போயிருக்காங்க.

— சரி, ஸ்பீக்கர்ல போடுங்க. இப்பவாவது மூடிட்டு மெஷின்ல சுத்துங்க.

— சுத்துது... உங்க பக்கமும் ஏதோ சுத்தற சத்தம் கேக்குதே?

— இங்கயும் மெஷின் ஓடுது.

— துணி தொவைக்கிற மெஷின் மாதிரி கடகடங்குது!

— அது... பழைய மெஷின். உங்களது நின்னுடுச்சா? நூறு மைக்ரோலிட்டர் தண்ணி எடுத்து சுவரோரமா விடுங்க. மூடிட்டு மெதுவா கவுத்து நிமுத்துங்க. குலுக்கிடாதீங்க.

— குலுக்குவேனா சார்?

— துடச்ச ஆளாச்சே. எதுக்கும் சொல்லி வெக்கறேன்.

— ஐயோ, விடமாட்டீங்களா!

— நுரை வந்தா புரதம் செத்துடும். பத்து நிமிஷம் அப்படியே வெச்சிடுங்க.

— வெச்சிட்டேன்... பத்து நிமிஷமும் லைன்ல இருப்பீங்களா சார்?

— இருக்கேன்.

— இந்த ட்யூபையே பாத்துக்கிட்டிருக்கேன் சார். பேரு மனுஷப் புரதம். பொறந்தது பாக்டீரியா வயித்துல.

— அந்த பாக்டீரியாவ வளத்தவன் நான்தான். கொஞ்சம் சூடு ஏறினாலும் புரதம் கட்டிகட்டியா போயிடும். ரெண்டு வருஷம் என்னப் படாத பாடு படுத்துச்சு.

— இந்தப் புரதம் செய்யற வேலையாவது பெருசா? கொழுப்ப ஒரு எடத்துல ஏத்திக்கிட்டு இன்னொரு எடத்துல எறக்கறது. கூலியும் கேக்காது.

— நம்மள மாதிரி.

— நமக்காவது சம்பளம் வருதே சார்.

— ...ம்.

— வீட்ல எல்லாரும் சௌக்கியமா?

— பொண்ணு தூரத்துல இருக்கா. ஞாயித்துக்கெழம பேசுவா. மத்த நாள்ல இந்த ஃபோன் அடிக்கறதே அபூர்வம். நீங்க?

— அம்மா இருந்தாங்க. மூணு மாசம் முன்னாடி வரைக்கும்.

— அடடா... சொல்லவே இல்லையேம்மா.

— சொல்லணும்னுதான் போன தடவ கூப்பிட்டேன். அப்புறம் கரைசல்ல உப்பு எவ்வளவு போடணும்னு கேட்டுட்டு வெச்சிட்டேன்.

— சொல்லியிருக்கலாமேம்மா... பத்து நிமிஷம் ஆச்சு. ஒரு சொட்டு எடுத்து அளந்து பாருங்க.

— இருக்கறதுலேருந்து அந்தச் சொட்டும் போயிடுமே.

— போகட்டும். உள்ள சரக்கு இருக்கா இல்லையான்னே தெரியாம நாளைக்கு எப்படிப் போடுவீங்க?

— சொட்ட அளக்கற மெஷின்ல வெச்சிட்டேன் சார்.

— என்ன காட்டுது?

— நாப்பத்திரண்டு! நாப்பத்திரண்டு மைக்ரோகிராம் இருக்கு சார்! நாளைக்குத் தாராளமாப் போதும்!

— அப்பாடா! டிஷ்யூவுக்கு எட்டுதான் போச்சு, தொலையட்டும். போங்க, போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க.

— சொல்லிட்டேனே, உங்ககிட்ட. இங்க வேற யாரும் இல்ல சார். பக்கத்து மேசையெல்லாம் காலியாகி நாலு மாசமாச்சு. சாப்பிடப் போயிருக்காங்கன்னது சும்மா.

— இங்க பாருங்கம்மா... நானும் ஒண்ணு சொல்லிடறேன். மனசு கேக்கல. நான் இப்ப அந்தக் கம்பெனில இல்ல. இந்தச் சரக்க நிறுத்தினப்பவே என்னையும் நிறுத்திட்டாங்க. எட்டு மாசம் ஆகுது. இது என் சொந்த நம்பர். முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க கூப்பிடறத விட்டுடுவீங்களோன்னு...

— தெரியும் சார். ஆறு மாசம் முன்னாடியே கம்பெனிக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். நீங்க இப்ப அங்க இல்லன்னு சொல்லி, வேற ஒருத்தர்கிட்ட லைன் குடுக்கவான்னாங்க. வேணாம்னு வெச்சிட்டுத்தான், முன்ன அவசரத்துக்குன்னு நீங்க குடுத்திருந்த இந்த நம்பருக்குப் போட்டேன். தெரியும்னு சொல்லிட்டா நீங்க எடுக்கமாட்டீங்களோன்னு... எனக்கும் பயமா இருந்துச்சு சார்.